உள்பக்கம் மட்டும் தேய்ந்த முட்டி

என் வலது முட்டியில் உள்பக்கம் மட்டும் தேய்ந்துபோயிருக்கிறது. வெளிப்பக்கம் நன்றாக இருக்கிறது. முன்னால் சில்லுக்குப் பின்புறமும் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. இடது முட்டி அவ்வப்போது முனகும், அவ்வளவுதான்.

இதற்கு என்ன செய்யலாம் என்று நான் கேட்காமலே பாளையங்கோட்டையில் ஆளாளுக்குப் பதில் சொல்கிறார்கள். “ரெண்டு முட்டியையும் ஒரேயடியா மாத்திப்போடும்வே, சோலி முடிஞ்சுது” என்பது என் மச்சான் கட்சி. மதுரையில் பெரியம்மா மகளுக்கு அப்படித்தான் செய்தார்கள். அக்கா இப்போது ரேஷன் கடைக்கு நடந்தே போய்வருகிறாள். “கத்தி வச்சா அதோட முடங்கிருவீக” என்பது எதிர்வீட்டு ஆச்சி கட்சி. அதற்கு ஆதாரம் அவருடைய தம்பி. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருப்பது ஒரு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றுவது. பார்ஷியல் நீ ரீப்ளேஸ்மென்ட் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பேர் பாதி முட்டி.

இன்னும் நாள் குறிக்கவில்லை. மனசு பாதி முட்டிப் பக்கம் சாய்கிறது. ஏன் சாய்கிறது, எங்கே இடிக்கிறது என்பதை எழுதிப் பார்க்கிறேன். இது என் முட்டியின் கதை. உங்கள் முட்டிக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: அரசு போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 62. அதிக காலம் ஓடியது திருநெல்வேலி - பாபநாசம் ரூட்டில். பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று போகும் வண்டி. காலேஜ் பிள்ளைகளும் பீடி சுற்றுகிற பெண்களும் ஏறிவிட்டால் கண்டக்டருக்கு இரண்டு கை போதாது. ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை. கம்பியைப் பிடிக்கக் கை இருக்காது. வலது தொடையை சீட்டு விளிம்பில் அண்டக்கொடுத்து, வண்டி வளைவில் சாயும்போது முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டுதான் டிக்கெட் போடுவோம்.

அதனால்தான் தேய்ந்தது என்று நெடுநாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் அதைப் பாதிதான் ஒப்புக்கொண்டார். என்னைச் சட்டை போட்டபடியே வேட்டியை மடித்துக் கட்டி நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “உங்க அப்பாவுக்குக் கால் எப்படி இருக்கும்?” என்று கேட்டார். அப்பாவுக்கும் வில்லுக்கால்தான். கால் வெளிப்பக்கமாக வளைந்திருந்தால் உடம்பின் பாரம் முட்டியின் உள்பக்கத்தில்தான் இறங்கும். நம் ஊர் முட்டிகளில் பெரும்பாலும் உள்பக்கம் முதலில் போவதற்கு இதுதான் காரணமாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. டிப்போவில் முன் டயர் ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகி வந்தால் டயரைத் திட்ட மாட்டார்கள், அலைன்மென்ட்டைத்தான் பார்ப்பார்கள்.

வலி எப்படி என்றால், ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான் கஷ்டம். மாடிப்படி இறங்கும்போது பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வொரு படியாக வைக்கிறேன். பஸ்ஸின் கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற உயரம் இத்தனை என்று பணியில் இருந்தபோது எனக்குத் தெரியாது. வயசானவர்கள் இறங்கத் தாமதித்தால் விசிலை ஊதிவிடுவோம், அது வேறு கதை. நெல்லையப்பர் கோயிலில் சுவாமி சன்னதியிலிருந்து சங்கிலி மண்டபம் வழியாக அம்மன் சன்னதி போய்த் திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் மேசை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். ராத்திரிப் புரண்டு படுக்கும்போது வலி எழுப்பத் தொடங்கியது கடைசியாக. அது வந்த பிறகுதான் ஆபரேஷன் என்ற வார்த்தையை வீட்டில் பேச விட்டேன்.

அதற்கு முன்னால் ஒருவர் செய்யக்கூடியதை எல்லாம் செய்தாயிற்று. தைலம், ஒத்தடம், சித்த வைத்தியசாலைப் பொட்டலி, வலி மாத்திரை. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. குளுக்கோசமைன் மாத்திரை டப்பா டப்பாவாகத் தின்றேன். அதற்குப் பலன் உண்டு என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2022-இல் எழுதிவைத்திருக்கிறது. முட்டிக்குள் போடும் ஜெல் ஊசியையும் அது வேண்டாம் என்கிறது. ஆனால் நான் போன ஒரு மருத்துவமனையில் முதல் நாளே ஜெல் ஊசிக்கு ரேட் கார்டு நீட்டினார்கள். இன்னொரு இடத்தில், துளை போட்டு உள்ளே கழுவிச் சுத்தம் செய்துவிடலாம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. பெங்களூரில் இருக்கும் என் மகள் போனிலேயே தடுத்துவிட்டாள். அமெரிக்காவில் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து இதைச் சோதித்து 2002-இலேயே எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு உண்மையாகவே முட்டியைக் கழுவினார்கள். சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பினார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. தேய்மானத்துக்காகக் கழுவுவது அதோடு பல நாடுகளில் மதிப்பிழந்தது. எங்கள் ஊரில் இன்னும் ரேட் கார்டில் இருக்கிறது.

உண்மையில் கொஞ்சம் உதவியது இரண்டுதான். ஒன்று, தொடைத் தசைக்கான பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பிடிக்கிற அந்தச் சாதாரணப் பயிற்சிதான். அதைச் சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் அம்மா கண்டிப்பானவர், எண்ணிக்கையில் ஏமாற்ற முடியாது. இரண்டாவது, எடை. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் முட்டியில் இறங்கும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. ராத்திரி இட்லியில் இரண்டைக் குறைத்தேன், அல்வாக் கடைப் பக்கமே போகவில்லை. திருநெல்வேலியில் இருந்துகொண்டு இது லேசான காரியம் இல்லை. எடை குறைந்தது, வலியும் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது.

எக்ஸ்ரேயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் எனக்கு விஷயமே திரும்பியது. முதலில் எடுத்த படங்கள் எல்லாம் மேசையில் படுக்கவைத்து எடுத்தவை. அதில் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தது. “லேசான தேய்மானம்தான், வயசுக்கு இது சகஜம்” என்றார்கள். நான் வலியைப் பெரிதுபடுத்துகிறேன் என்று வீட்டிலேயே ஒரு பேச்சு ஓடியது. இப்போது பார்க்கும் டாக்டர் அந்தப் படங்களைத் தள்ளிவைத்துவிட்டு, நின்றபடி எடுத்துவரச் சொன்னார். முட்டியைக் கொஞ்சம் மடக்கி நின்றபடியும் ஒன்று. அந்தப் படத்தில் உள்பக்கம் இடைவெளியே இல்லை, எலும்பும் எலும்பும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அதே முட்டி, அதே வாரம். படுத்திருக்கும்போது பாரம் இல்லாததால் இரண்டு எலும்பும் விலகி நின்று ஏமாற்றியிருக்கின்றன. உங்களுக்கு முட்டி வலி என்றால் மற்ற எதைச் செய்யாவிட்டாலும் நின்றபடி எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா என்று பாருங்கள். எம்ஆர்ஐக்குக் கொடுக்கிற காசில் கால்வாசிகூட ஆகாது.

பிறகு இன்னொரு படம். டெக்னீஷியன் என் காலைப் பிடித்து வெளிப்பக்கமாக அழுத்தி வைத்துக்கொள்ள, அந்த நிலையில் எடுத்தார்கள். வலிக்கத்தான் செய்தது. அதில் இரண்டு விஷயம் தெரியுமாம். வெளிப்பக்கத்துக் குருத்தெலும்பு முழுத் தடிமனோடு இருக்கிறதா என்பது ஒன்று. உள்பக்கத் தசைநார் சுருங்கி இறுகாமல், கால் நேராவதற்கு இடம் கொடுக்கிறதா என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் சரியாக இருந்தன. முட்டியின் நடுவே குறுக்காக ஓடுகிற முன்பக்கத் தசைநாரையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். அதுவும் கெட்டியாக இருக்கிறது. எங்கே வலிக்கிறது என்று காட்டச் சொன்னபோது உள்பக்கம் ஒரு விரலை வைத்துக் காட்டினேன். உள்ளங்கையால் முட்டி முழுக்கத் தடவிக் காட்டுகிறவர்களுக்குப் பாதி முட்டியைப் பற்றி அவர் சுலபத்தில் பேச மாட்டாராம்.

அதாவது முட்டிக்குள் மூன்று அறைகள் உண்டு: உள்பக்கம், வெளிப்பக்கம், சில்லுக்குப் பின்புறம். முழு மூட்டு மாற்றும்போது தொடை எலும்பின் முனையையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் இரண்டு பக்கமும் சீவி எடுத்து உலோகத்தைப் பொருத்துகிறார்கள். முன்பக்கத் தசைநார் ஏறக்குறைய எல்லா முழு மூட்டு வகைகளிலும் போய்விடும். பாதி முட்டியில் தேய்ந்த பக்கத்தில் மட்டும் மேலே ஓர் உலோகப் பூண், கீழே ஒரு தட்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அந்தத் துண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில்கூட இருக்கும். தசைநார்கள், சில்லு, வெளிப்பக்கம் எல்லாம் பிறந்தபோது வந்தவை அப்படியே இருக்கும். அதனால் நடக்கும்போது சொந்த முட்டி போலவே தோன்றும் என்கிறார்கள். முடக்குவாதக்காரர்களுக்கு இது கூடாது, அது மூன்று அறையையும் தின்றுவிடும். முன்பக்கத் தசைநார் அறுந்தவர்களுக்கும், முட்டி நீட்ட முடியாமல் மடங்கியே இறுகிப்போனவர்களுக்கும் பொதுவாக இதைச் செய்வதில்லை.

முழு மூட்டு நம் ஜனங்களுக்குப் பரிச்சயமானது வாஜ்பாயால்தான். 2000 அக்டோபரில் மும்பையில் அவருக்கு ஒரு முட்டியும், 2001 ஜூனில் இன்னொன்றும் மாற்றினார்கள். நான் அப்போது பணியில் இருந்தேன். பஸ்ஸில் அதுதான் பேச்சு, பிரதமர் முட்டிக்குள்ளே இரும்பு வைத்திருக்கிறார்களாம் என்று. அதைச் செய்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத், நியூயார்க்கில் 1970களில் இன்றைய முழு மூட்டுக்கு அடிப்படையான வடிவத்தை உருவாக்கிய குழுவிலேயே ஒருவர். பாதி முட்டியின் கதை ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. ஜான் குட்ஃபெலோ என்ற சர்ஜனும் ஜான் ஓகானர் என்ற இன்ஜினியரும் சேர்ந்து, நடுவிலுள்ள பிளாஸ்டிக் துண்டு ஓரிடத்தில் ஒட்டியிராமல் முட்டியோடு சேர்ந்து நகரும்படி ஒன்றைச் செய்தார்கள். முதலில் முட்டியின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் பயன்படுத்தினார்கள். உள்பக்கம் மட்டும் தேய்ந்தவர்களுக்கு அந்தப் பக்கம் மட்டும் வைக்கத் தொடங்கியது 1982-இல். ஆக, இதுவும் நேற்று வந்த சரக்கு இல்லை.

சரி, இடிக்கிற இடத்துக்கு வருகிறேன்.

மகள் அனுப்பிய கணக்குகளை உட்கார்ந்து பார்த்தேன். வசூல் கணக்கு பார்த்த கைக்கு இது ஒன்றும் புதிதில்லை. மூட்டு எத்தனை வருஷம் தாங்கும் என்று, மாற்று மூட்டு வைத்தவர்களைக் குறித்துவைக்கும் வெளிநாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். 25 வருஷம் கழித்து முழு மூட்டுகளில் நூற்றுக்கு 82 நிற்கின்றன. பாதி முட்டிகளில் 70. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒப்பிட்டு 2014-இல் சொன்னதும் இதே திசையில்தான்: எட்டு வருஷத்துக்குள் வைத்ததை எடுத்துவிட்டு மறுபடி மாற்ற வேண்டிவருவது பாதி முட்டியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மச்சான் இதைக் கேட்டதும் வழக்கு முடிந்தது என்று எழுந்துவிட்டார். நான் உட்காரச் சொன்னேன். அதே 2014 கணக்கில் அடுத்த பத்தியும் இருக்கிறது. ஆபரேஷனை ஒட்டி மரணம், மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு, திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்வது எல்லாமே பாதி முட்டியில் குறைவு. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. இந்தப் பத்தி எனக்காக எழுதியது மாதிரி இருந்தது. 2019-இலேயே பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 528 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, பாதிப் பேருக்கு முழு மூட்டும் மற்றவர்களுக்குப் பாதி முட்டியும் வைத்து ஐந்து வருஷம் கவனித்த ஆய்வும் வந்தது. வலி, நடை இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டு தரப்பும் நன்றாகவே இருந்தார்கள். செலவுக்கணக்கில் பாதி முட்டி முந்தியது.

அப்படியானால் மறுபடி மாற்றுவது ஏன் இரண்டு மடங்கு? இதை டாக்டரிடமே கேட்டேன். அவர் மழுப்பவில்லை. வெளிப்பக்கம் பிறகு தேய்ந்துபோகலாம், பொருத்தியது தளரலாம், நகர்கிற துண்டு வைத்தால் அது விலகலாம். இது ஒரு பகுதி. இன்னொரு பகுதி, பாதி முட்டி வைத்தவருக்குக் கொஞ்சம் வலி மிச்சமிருந்தால் முழு மூட்டாக மாற்றிவிடலாம் என்று சர்ஜன் சுலபமாக முடிவெடுத்துவிடுகிறார். முழு மூட்டு வைத்தவருக்கு அதே வலி இருந்தால் மறுபடி திறக்கத் தயங்குவார், பொறுத்துக்கொள்ளுங்கள் என்பார். அவர் வலி பதிவேட்டில் ஏறாது. எனக்கு இது சரியாகப் பட்டது. பெரியம்மா மகள் அக்கா ஜம்மென்று நடக்கிறாள், உண்மைதான். ஆனால் முட்டிக்குள் ஏதோ அந்நியமாக இருக்கிறது என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவள் பேர் எந்தத் தோல்விக் கணக்கிலும் இல்லை.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எப்போதாவது ஒரு பாதி முட்டி செய்கிற சர்ஜன்களிடம் தோல்வி அதிகம். தாங்கள் செய்யும் முட்டிகளில் ஐந்தில் ஒன்றாவது பாதி முட்டியாக இருக்கிற சர்ஜன்களிடம் முடிவுகள் நன்றாக இருக்கின்றன. அதனால் ஆபரேஷன் தியேட்டர் எவ்வளவு பளபளப்பு என்று பார்ப்பதை விட்டுவிட்டு, “டாக்டர், நீங்க வருஷத்துக்கு எத்தனை பார்ஷியல் செய்றீங்க, மொத்தத்துல அது எவ்வளவு?” என்று கேட்கத் தொடங்கினேன். ஒருவர் முகம் சுருங்கிவிட்டது. இன்னொருவர், முழு மூட்டுதான் நல்லது, இது எதற்கு என்று பேச்சை மாற்றினார். முழு மூட்டு மட்டுமே செய்கிறவருக்கு எல்லா முட்டியும் முழு மூட்டாகத்தான் தெரியும், அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இப்போது பார்க்கும் டாக்டர் எண்ணிக்கையைச் சொன்னார், தன்னிடம் செய்து பிறகு மாற்ற வேண்டிவந்த இரண்டு பேரைப் பற்றியும் சொன்னார். அவரிடமே இருந்துவிடலாம் என்று அன்றைக்கே தோன்றியது.

ரோபோவைப் பற்றியும் கேட்டேன். வண்ணார்பேட்டைப் பக்கம் போனால் ஆஸ்பத்திரி போர்டில் அதுதானே சிரிக்கிறது. பொதுவாக இந்த ரோபோ தானாக ஆபரேஷன் செய்வதில்லை. திட்டம் போட்ட இடத்தைத் தாண்டிச் சீவிவிடாமல் காக்கும், கருவி சர்ஜன் கையில்தான். துல்லியத்துக்கு உதவும் என்றார். அதற்காகக் கூடுதல் பணம் கட்டுவதற்கு நான் தயாராக இல்லை. என் காலை முழுக்க நிமிர்த்திவிடக் கூடாது, பழைய வளைவில் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும், அதிகமாக நிமிர்த்தினால் பாரம் நல்ல பக்கத்துக்குப் போய் அதுவும் தேய்ந்துவிடும் என்று அவர் விளக்கியதைக் கேட்ட பிறகு இவர் கையை நம்பலாம் என்று ஆகிவிட்டது.

கீழே உட்காருவதைப் பற்றி நான் பார்த்த இந்த வெளிநாட்டுக் கணக்குகள் எதுவும் பேசவில்லை. நமக்கு அதுதான் முதல் கேள்வி. பாதி முட்டியில் மடங்குவது முழு மூட்டைவிட நன்றாக இருக்கும் என்கிறார்கள். சம்மணம் போட முடிந்தவர்களைப் பார்த்திருப்பதாக டாக்டர் சொன்னார். ஆனாலும் குத்துக்காலிட்டு உட்கார வேண்டாம், நாட்டுக் கக்கூஸ் வேண்டாம் என்றார். நகர்கிற பிளாஸ்டிக் துண்டு அப்படி ஆழமாக மடக்கி முறுக்கும்போது விலக வாய்ப்பு உண்டாம். எனக்கு நகராத வகையை வைக்கலாமா என்று யோசிக்கிறார். மேற்கத்திய டாய்லெட் போன வருஷமே வைத்தாயிற்று. கோயிலில் விழுந்து கும்பிடுவது போகும். பாபநாசத்தில் படித்துறை இறங்கித் தாமிரபரணியில் முங்குவது? கைப்பிடி இருக்கும் இடமாகப் பார்த்து இறங்குங்கள் என்றார். இதற்கு நான் முழு மூட்டு, பாதி முட்டி எதையும் ஏற்றுக்கொள்வேன்.

பணம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டிக்குள் வைக்கும் உலோகத்துக்கு உச்சவிலை வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் வகை 54,720 ரூபாய்க்கு இறங்கியது, இரண்டரை லட்சத்தைத் தொட்ட விசேஷ உலோக வகை 76,600-க்கு. ஜிஎஸ்டி தனி. ஆனால் ரூம் வாடகை, தியேட்டர், சர்ஜன் பீஸ், பிசியோ இவற்றுக்கு உச்சவிலை கிடையாது. உலோகத்தில் இறங்கியது பேக்கேஜில் ஏறிக்கொண்டது என்று பலர் சொல்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். என் பென்ஷன் அதைத் தாண்டுகிறது. மகள் கம்பெனியின் இன்சூரன்ஸில் அப்பா அம்மாவுக்கும் இடம் இருக்கிறது, ரூம் வாடகைக்கு ஒரு வரம்போடு. அந்த வரம்புக்கு மேல் ரூம் எடுத்தால் மற்ற பில்லிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். அதனால் ஏசி ரூம் வேண்டாம், இரண்டு பேர் இருக்கும் ரூம் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். மூன்று பேர் சீட்டில் ஐந்து பேரை உட்காரவைத்தவனுக்கு இது ஒரு கஷ்டமா?

மச்சானுக்கு இன்னும் சமாதானம் இல்லை. “ரெண்டாந்தடவ கத்தி வைக்கணும்னா அப்ப உமக்கு எழுபத்தஞ்சு வயசு, தாங்குமாவே?” என்கிறார். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: அந்த நூறு பேரில் எழுபது பேருக்கு 25 வருஷத்துக்குப் பிறகும் இரண்டாம் தடவை வரவில்லை, அத்தனை வருஷம் நான் இருந்தால் வயது 87. இப்போது நல்லதாக இருக்கிற வெளிப்பக்கத்தையும் தசைநாரையும், நாளைக்குக் கெட்டுவிடுமோ என்று இன்றைக்கே வெட்டிப் போட மனசு வரவில்லை. பாதியிலிருந்து முழுசுக்குப் பிறகு போகலாம். முழுசிலிருந்து பாதிக்குத் திரும்ப வழியில்லை. இடது முட்டியை இப்போதே சேர்த்து மாற்றும் பேச்சுக்கே இடமில்லை, அது இன்னும் பயிற்சிக்குக் கட்டுப்படுகிறது.

ஒன்றை மட்டும் டாக்டர் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொள்வாராம். திறந்து பார்க்கும்போது வெளிப்பக்கமோ தசைநாரோ படத்தில் தெரிந்ததைவிட மோசமாக இருந்தால், அங்கேயே முழு மூட்டாக மாற்றிவிட நான் சம்மதிக்க வேண்டும். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. மயக்கத்தில் இருக்கிறவரை யார் கேட்பார்கள் என்கிறாள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழேதான் மரக்கவைப்பார்கள், நான் முழித்துத்தான் இருப்பேன் என்றேன். “முழிச்சிருந்து நீங்க என்னத்தப் பாக்கப் போறீக?” என்றாள். அதுவும் சரிதான். ஆனால் கையெழுத்து போடுவேன். மறுபடி ஒருமுறை திறப்பதைவிட அது மேல்.

ஆனித் தேர் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறேன். வடம் பிடிக்க முடியாது, பக்கத்தில் நின்று பார்க்கலாம். டாக்டருக்கும் அது தோதாகத்தான் இருக்கிறது. வலி தாங்காமல் போட்டுக்கொண்ட ஸ்டெராய்டு ஊசிக்குப் பிறகு மூன்று மாதமாவது போக வேண்டும், இல்லையென்றால் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு கூடும் என்றார். அதற்குள் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை ஏழரைக்குக் கீழே கொண்டுவர வேண்டும். இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறது, அதிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது முட்டியில் போய் உட்கார்ந்துவிடலாம், முதலில் அதைப் பிடுங்கிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். முட்டிக்கு இத்தனை கணக்குப் பார்த்தவனுக்குப் பல் பிடுங்கப் பயமாக இருக்கிறது. வியாழக்கிழமை போகிறேன், மச்சான்தான் கூட வருகிறார்.